நம் பிள்ளைகள் குற்றவியல் படிக்கட்டுமே!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்க நூலகத்தில் நாளிதழ் புரட்டிக்கொண்டிருந்தேன். எச்.ஏ.எல். தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் வந்து அருகில் அமர்ந்தார். முகம் வாடியிருந்தது. "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை சார். பேத்திதான் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருக்கா. பி.ஏ. சைக்காலஜி முடிச்சிட்டா. எம்.பி.ஏ. சேர்க்கலாம்னு அவ அப்பா பணமெல்லாம் தயார் பண்ணி வெச்சிருக்கார். இவ என்னடான்னா கிரிமினாலஜி படிக்கப் போறேங்கறா. மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போடணுமாம். ஒரு வாரமா வீட்டிலே யாரும் சரியாச் சாப்பிடறதில்லை. நீங்களே சொல்லுங்க, பிழைக்க வந்த ஊர்லே நமக்கெதுக்கு சார் இந்தப் போலீஸ், கோர்ட்டு, ஜெயில் வம்பெல்லாம்?"

அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது அவர் ஒருவருடைய கேள்வியும் அல்ல. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும், கோலார் தங்க வயலிலிருந்து வந்து குடியேறிய வீடுகளிலும், இரண்டு மூன்று தலைமுறைகளாக நம் காதில் விழுந்துகொண்டிருக்கும் வார்த்தை அது. ஆகவே நண்பருக்கு நேரில் சொல்லாத பதிலை, நம் இதழின் வாயிலாக எல்லாப் பெற்றோருக்கும் சொல்லலாம் என்று துணிந்தேன்.

எது இந்தப் படிப்பு?

குற்றவியல் என்றதும் நமக்குத் துப்பறியும் நாவலும் லத்தியும் நினைவுக்கு வருகின்றன. பல்கலைக்கழகங்களில் குற்றவியல், குற்றவியல் நீதி நிர்வாகம் என்ற பெயர்களில் நடக்கும் முதுகலைப் படிப்பு வேறு வகையானது. ஒருவன் ஏன் குற்றம் செய்கிறான் என்பதில் தொடங்கி, புகார், புலன்விசாரணை, தடயம், வழக்கு, சாட்சி, தீர்ப்பு, சிறை, விடுதலைக்குப் பிந்தைய வாழ்க்கை என்று ஒரு நீண்ட சாலையை முழுவதுமாகப் பார்க்கக் கற்றுத்தருவது அது. அந்தச் சாலையின் ஓரத்தில் யாரும் கவனிக்காமல் நிற்கிறாரே பாதிக்கப்பட்டவர், அவரைப் பற்றியும் அதில் பாடம் உண்டு.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நம் நாட்டில் காவல் துறை அதிகாரிக்குத் தம் நிலையம் தெரியும். தாம் கைது செய்தவர் சிறைக்குள் எப்படி மாறுகிறார் என்பது தெரியாது. சிறை அதிகாரிக்குத் தம் சுவர்கள் தெரியும். வழக்கு ஏன் நகரவில்லை என்பது தெரியாது. வழக்கறிஞருக்குச் சட்டம் தெரியும். தடய அறிவியல் அறிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். அவரவர் துண்டு அவரவருக்கு. தலைமைப் பொறுப்பில் உட்காருபவருக்கோ முழுச் சாலையும் தெரிந்திருக்க வேண்டும்.

இது நேற்று முளைத்த படிப்பன்று. அமெரிக்காவில் பெர்க்லி நகரக் காவல் துறைத் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர், காவலர்களுக்கு முறையான கல்வி வேண்டும் என்று 1908-லேயே பள்ளி தொடங்கினார். அந்நாட்டு அதிபர் அமைத்த குழு 1967-இல் அறிக்கை தந்த பிறகு, காவலர்கள் கல்லூரியில் படிக்க அரசே பணம் கொடுத்தது. நம் நாட்டில் சாகர் பல்கலைக்கழகம் 1959-இல் குற்றவியல், தடய அறிவியல் துறையைத் தொடங்கியது. 1970-இல் தோன்றிய இந்தியக் குற்றவியல் கழகத்தின் தலைமையிடம் சென்னைப் பல்கலைக்கழகம். தென் மாநிலச் சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் கழகம் 1979 முதல் வேலூரில் இருக்கிறது. நம் கர்நாடகச் சிறை அதிகாரிகளும் அங்கே போய்த்தான் பாடம் கேட்டு வருகிறார்கள்.

நான்கு வாசல்கள்

முழுச் சாலையும் தெரிந்தவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் மாதம். செல்போன் கடை வைத்திருந்த பென்னிக்சும் அவர் தந்தை ஜெயராஜும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சில நாட்களில் இருவருமே உயிரோடு இல்லை. நாடே கொதித்தது. நாம் எல்லோரும் காவலர்களைத் திட்டினோம். திட்ட வேண்டியதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலையத்திலிருந்து வெளியே வந்த பிறகு அவர்கள் அரசு மருத்துவரிடம் கொண்டுசெல்லப்பட்டார்கள், சான்றிதழ் கிடைத்தது. நீதித்துறை நடுவரிடம் கொண்டுசெல்லப்பட்டார்கள். காவலில் வைக்க உத்தரவு கிடைத்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள், கதவு திறந்தது. காவல், மருத்துவம், நீதி, சிறை என்று நான்கு வாசல்கள். ஏதேனும் ஒரு வாசலில் ஒருவர் நின்று, "இவர்கள் உடம்புக்கு என்ன ஆயிற்று?" என்று கண்டிப்போடு கேட்டு, அதற்கு மேல் நகர விடாமல் தடுத்திருந்தால்? சட்டம் அந்த நான்கு வாசல்களையும் வைத்திருப்பதே அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

பிறகு நடந்த விசாரணையில் உண்மையைச் சொன்னவர், அதே நிலையத்தில் பணிபுரிந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவருடைய பதவி பெரியதன்று. ஆனால் தலைமைப் பண்பு என்றால் அதுதான். அந்தத் துணிவு பதவியில் உயர்ந்தவர்களுக்கும் இருந்து, அதோடு அறிவும் சேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதே என் ஆசை.

நம் மண்ணின் பழைய கதையும் இதையே சொல்கிறது. கண்ணகி மதுரையில் கேட்ட நியாயம் என்ன? பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை நம்பி, விசாரிக்காமல் தண்டித்துவிட்டாயே என்பதுதானே? பாண்டியன் கொடியவன் அல்லன். தவறு தெரிந்ததும் உயிரையே விட்டவன். ஆனாலும் கோவலன் திரும்பி வரவில்லை. நல்லவராக இருப்பது மட்டும் போதாது, விசாரிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வந்த ஊரில் நமக்கெதற்கு?

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒருவருக்காக, நகரின் ஒரு காவல் நிலையத்துக்கு மொழிபெயர்க்கப் போனேன். வேலை நடந்த இடத்தில் கம்பி திருட்டுப் போய்விட்டது. சந்தேகம் அவர் மேல். கன்னடத்தில் எழுதிய தாளில் அவர் பெருவிரல் ரேகை ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. "கூலி பாக்கிக்குக் கையெழுத்து வாங்கறாங்கன்னு நெனச்சேன் சாமி" என்றார்.

அங்கிருந்த உதவி ஆய்வாளர் கெட்டவர் அல்லர். இரண்டு இரவு தூங்காத கண்கள். மேசையில் கட்டுக் கட்டாகக் கோப்புகள். அந்த நேரத்தில் மேலதிகாரி ஒருவர் உள்ளே வந்தார். தாளை வாங்கிப் படித்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை இவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டினீர்களா?" அறையே அமைதியாகிவிட்டது. தாள் கிழிக்கப்பட்டது. முதலிலிருந்து விசாரணை தொடங்கியது. மாலைக்குள் அந்த மனிதர் வீட்டுக்குப் போனார்.

அந்த அதிகாரி கன்னடர். அவருக்கு நம் மீது தனிப் பாசம் ஒன்றும் இல்லை. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அவர் அன்று வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல நாள் நினைத்துப் பார்த்ததுண்டு.

1991 டிசம்பரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி எழுந்த கலவரத்தில் இந்நகரத் தமிழர்கள் உயிரையும் உடைமையையும் இழந்தார்கள். அந்நாட்களில் நம் பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக் காப்பாற்றிய கன்னட அண்டை வீட்டாரையும் நாம் மறக்கவில்லை. பழைய புண்ணைக் கிளறுவது என் நோக்கமன்று. கலவர இரவில் ஒரு தெருவின் கதி, அங்கே பொறுப்பில் இருக்கும் ஓர் அதிகாரியின் நேர்மையையும், அவர் அரைமணி நேரத்தில் எடுக்கும் முடிவையும் பொறுத்தது. அந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாகக் கற்றவர் யார்? கற்ற பிறகு, "நமக்கெதற்கு வம்பு" என்று ஒதுங்குவது சரியா?

இன்னொன்றும் சொல்வேன். குற்றம் சாட்டப்பட்டவரின் சம்மதமின்றி மயக்க மருந்து செலுத்தி விசாரிப்பது, மூளைச் சோதனை செய்வது, பொய் கண்டறியும் கருவியில் உட்கார வைப்பது ஆகியவை கூடாது என்று 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்த வழக்கின் பெயர் 'செல்வி எதிர் கர்நாடக மாநிலம்'. நம் மாநிலத்தில் எழுந்த ஒரு வழக்கு, ஒரு தமிழ்ப் பெயரைத் தாங்கிக்கொண்டு, இந்தியக் குடிமக்கள் எல்லோருக்கும் காவலாக நிற்கிறது. ஆக, இந்த வம்பு நம்மைத் தேடி எப்போதோ வந்துவிட்டது. இனி நாம் அதைப் படித்துத் தெரிந்துகொள்வதுதான் பாக்கி.

இப்போது தேவை அதிகம்

2022 டிசம்பர் 31 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். இடமோ 4,36,266 பேருக்குத்தான். இருந்தவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். பரப்பன அக்ரஹாரா என்ற பெயர் பிரமுகர்கள் உள்ளே போகும்போதுதான் செய்தியில் வருகிறது. பெயர் தெரியாத ஏழைகள்தான் சிறைகளை நிரப்புகிறார்கள்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரக்கூடிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது சட்டம். மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் படிப்படியாகக் கொண்டுவர வேண்டும். புலன்விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். முதல்முறையாக வழக்கில் சிக்கியவர், உரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்துவிட்டால், கொடிய குற்றங்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அவரைப் பிணையில் விட வேண்டும். எல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் நாளை எண்ணிப் பார்த்து, "இவருக்கு நேரம் வந்துவிட்டது" என்று சொல்ல ஆள் வேண்டாமா? தாளில் இருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவரப் படித்த தலைமை வேண்டும்.

இந்தச் சிந்தனைக்கு நம் பெங்களூரின் பங்கு பெரிது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி வி.எஸ்.மளிமத் தலைமையிலான குழு, குற்றவியல் நீதி முறையைச் சீர்திருத்தும் வழிகளை 2003-இல் அறிக்கையாகத் தந்தது. நாகர்பாவியில் உள்ள தேசியச் சட்டப் பள்ளியை உருவாக்கிய பேராசிரியர் என்.ஆர்.மாதவ மேனன், 2007-இல் குற்றவியல் நீதிக்கான தேசியக் கொள்கை வரைவை அளித்த குழுவுக்குத் தலைமை வகித்தார். நாட்டின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001-இல் பெங்களூரில்தான் தொடங்கியது.

தமிழர்களும் சளைத்தவர்கள் அல்லர். தமிழ்நாடு பிரிவு அதிகாரியான ஆர்.கே.ராகவன், அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதி பயின்றவர். 1999 முதல் 2001 வரை சி.பி.ஐ. இயக்குநராக இருந்தவர், இந்திய, அமெரிக்கக் காவல் முறைகளை ஒப்பிட்டு நூல் எழுதியவர். சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் பேராசிரியர் கு.சொக்கலிங்கம், பாதிக்கப்பட்டோர் நலம் பற்றிய ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் உயர்ந்தார். அதே நெல்லையிலிருந்து கே.ஜெய்சங்கர் சைபர் குற்றவியல் என்னும் புதிய துறைக்கே பெயர் சூட்டி, 2007-இல் அதற்கென ஆய்விதழும் தொடங்கினார்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

இனிப்பு மட்டும் காட்டி யாரையும் சேர்த்துவிட நான் விரும்பவில்லை. இந்தப் பட்டம் பெற்றாலே தோளில் நட்சத்திரம் வந்துவிடாது. ஐ.பி.எஸ். அதிகாரியாக மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வுதான் வழி. அதற்கு எந்தப் பட்டமும் போதும். அத்தேர்வின் விருப்பப் பாடங்களில் குற்றவியல் இல்லை. சட்டம், சமூகவியல், உளவியல் உண்டு. உதவி ஆய்வாளர் பணிக்கு மாநிலத் தேர்வு எழுத வேண்டும். அதிலும் சோதனைகள் உண்டு. கர்நாடகத்தில் 545 உதவி ஆய்வாளர் பணியிடங்களுக்கு 2021 அக்டோபரில் நடந்த தேர்வு, முறைகேடு காரணமாக 2022 ஏப்ரலில் ரத்தானது. ஒழுங்காகப் படித்தவர்கள் பட்ட வேதனை கொஞ்சமா? படிப்பு அறிவைத் தரும்; நேர்மையை வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும்.

காவல் துறை மட்டும்தான் வழி என்றும் எண்ண வேண்டாம். சிறைத் துறை அலுவலர், நன்னடத்தை அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, சட்ட உதவி மையம், சிறைக்குள் பணியாற்றும் சமூக சேவை நிறுவனம் ஆகியவை உண்டு. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1990-இல் தொடங்கிய 'பிரயாஸ்' திட்டம் இந்தக் கடைசி வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 'நெட்' தேர்வில் குற்றவியல் ஒரு தனிப் பாடம். ஆகவே கற்பிக்கும் பணிக்கும் வழி உண்டு. வங்கிகளும் நம் ஊர்க் கணினி நிறுவனங்களும் மோசடி, சைபர் குற்ற விசாரணைக்கு ஆள் தேடுகின்றன. தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலைக்கு ஈடாக இருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பொறுமை வேண்டும்.

எங்கே படிப்பது? சென்னைப் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மும்பை டாடா நிறுவனம் ஆகியவை இருக்கின்றன. நம் மாநிலத்திலேயே தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல், தடய அறிவியல் துறை உண்டு. தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகமும் தார்வாடில் இருக்கிறது. தனியார் நிறுவனங்களில் சேருமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா? முழுநேர ஆசிரியர்கள் இருக்கிறார்களா? காவல் நிலையம், நீதிமன்றம், சிறை மூன்றுக்கும் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்களா? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இவற்றுக்கு நேரான பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கன்னடத்தைப் பேசத் தெரிந்தால் மட்டும் போதாது. பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொள்ளுங்கள். தமிழையும் விட்டுவிடாதீர்கள். தெருவில் விளையாடும்போது தெலுங்கும் உருதும் காதில் வாங்கியவர்கள் நீங்கள். ஒரு காவல் நிலையத்தில், ஒரு சிறைக்கூடத்தில், கண்ணீரோடு நிற்பவரிடம் அவர் மொழியில் பேசக்கூடிய அதிகாரி எத்தனை பெரிய வரம் என்பதை அன்று அந்தக் கட்டடத் தொழிலாளியின் முகத்தில் பார்த்தேன்.

"பெண் பிள்ளையாயிற்றே" என்று நண்பர் அன்று இன்னொன்றும் சொன்னார். புகார் கொடுக்க வருபவர்களில் பெண்களும் இருக்கும்போது, அதைக் கேட்டுக்கொள்ளும் நாற்காலியில் பெண் இருக்கக் கூடாதா? கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்றால், அப்படிப்பட்ட படிப்பை மதிக்கத் தெரியாத வீட்டில் அந்தப் பெண்ணைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவரை நாம் எல்லோரும் அறிவோம். பதினெட்டு ஆண்டுகள் மூடிய நிலையில் காத்திருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறப்பு விழா கண்ட சிலை அது. அவர் ஆள்பவனுக்குச் செங்கோன்மை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதை அடுத்தே கொடுங்கோன்மை என்றும் வைத்தார். ஆனால் இரண்டுக்கும் முன்பாகவே குற்றங்கடிதல் என்று ஒன்றை வைத்தார். அது பிறர் குற்றத்தைப் பற்றியதன்று; தலைவன் தன் குற்றத்தை நீக்கிக்கொள்வது பற்றியது. இந்தப் படிப்புக்கு அதைவிடப் பொருத்தமான முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

நண்பரே, இதழ் உங்கள் கைக்கு வரும்போது விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியிருக்கும். பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அவள் பதில் வைத்திருப்பாள் என்றே நினைக்கிறேன். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.